எரிந்து கரியான நூலைத் திறக்காமலே படித்தார்கள், தெரியுமா?

தொட்டால் பொடியாகிவிடும் கரிக்கட்டை. அதற்குள் ஒரு முழு நூல் இருக்கிறது. அதை விரிக்காமலே உள்ளே இருப்பதைப் படித்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? நடந்திருக்கிறது!

கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, ஹெர்குலேனியம் நகரின் ஒரு மாளிகையில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய நூற்றுக்கணக்கான சுருள்கள் புதைந்தன. அவற்றைக் கரியாக்கிய வெப்பம்தான் காப்பாற்றியும் கொடுத்தது, தெரியுமா? இல்லாவிட்டால் ஈரத்தில் என்றோ மக்கிப்போயிருக்கும். 18ஆம் நூற்றாண்டில் அவை கிடைத்தபோது, அந்தோனியோ பியாஜோ என்ற பாதிரியார் பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்டு விரிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஒரு சுருளை விரிக்கவே வருடக்கணக்கில் ஆனது. என்ன பொறுமை!

எக்ஸ்ரே எடுத்தால் போதாதா? போதாது! ரோமானியர் எழுதியது கரி மையில். கரியான தாளில் கரி எழுத்து இருந்தால் எக்ஸ்ரேக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தச் சிக்கலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ். இஸ்ரேலின் என்கெதியில் கிடைத்த, எரிந்துபோன தோல் சுருள் ஒன்றைக் கணினியிலேயே விரித்து, அதில் பைபிளின் லேவியராகமத்தின் தொடக்கம் இருப்பதை 2016க்குள் காட்டிவிட்டவர் அவர். ஹெர்குலேனியம் மட்டும் வழிக்கு வரவில்லை.

2023இல் சீல்சும் வேறு சிலரும் சேர்ந்து ஹெர்குலேனியம் சுருள்களின் ஸ்கேன் படங்களை உலகத்துக்கே திறந்துவிட்டு, பரிசுப் போட்டி அறிவித்தார்கள். கேசி ஹேண்ட்மர் என்ற இயற்பியலாளர் அந்தப் படங்களை வெறும் கண்ணால் உற்றுப் பார்த்துப் பார்த்து, மை இருந்த இடத்தில் மட்டும் காய்ந்த சேறுபோல நுண்ணிய வெடிப்புகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த வெடிப்புகளைத் தேடக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார் லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர். ஒரு கிரேக்கச் சொல் எழும்பி வந்தது: ‘ஊதா’! ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத சொல்!

2024இல் லூக், யூசெப் நாடர், ஜூலியன் ஷில்லிகர் ஆகிய மூவருக்கும் 7 லட்சம் டாலர் பரிசு. கிடைத்தவை 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகள். அரிதாகக் கிடைக்கும் உணவுதான் அதிக இன்பம் தருமா என்று யாரோ ஒரு தத்துவ அறிஞர் அதில் விவாதிக்கிறார்! ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கணினி காட்டியது கறைகளைத்தான். அவற்றைக் கிரேக்க வாக்கியங்களாகப் படித்தவர்கள் பாப்பிரஸ் அறிஞர்கள். அந்தப் பழைய படிப்பு பல்கலைக்கழகங்களில் உயிரோடு இல்லாதிருந்தால் இந்தப் பரிசுக்கு அர்த்தமே இருந்திருக்காது.

கணினியையும் பழைய நூல்களையும் சேர்த்து வைக்கப் பிள்ளையார் சுழி போட்டவரும் ஒரு பாதிரியார்தான், தெரியுமா? ரொபெர்த்தோ பூசா 1949இல் ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனைத் தேடிப்போய் உதவி கேட்டார். கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாசின் நூல்களிலும் அவற்றோடு தொடர்புடைய நூல்களிலும் உள்ள சுமார் 1 கோடியே 10 லட்சம் சொற்களுக்கு அகரவரிசைச் சொல்லடைவு, 56 தொகுதிகள், 30 ஆண்டு உழைப்பு! துளை அட்டைகளைத் தட்டித் தட்டி உருவாக்கியவர்களில் பெரும்பாலானோர் இத்தாலிய இளம்பெண்கள். பூசாவின் பெயர் நிற்கிற இடத்தில் அவர்கள் பெயரும் நிற்க வேண்டும்.

2025இல் இன்னொரு அதிசயம்! ஆக்ஸ்போர்டில் உள்ள ஒரு ஹெர்குலேனியம் சுருளின் தலைப்பையே படித்துவிட்டார்கள்: தத்துவ அறிஞர் பிலோடெமஸ் எழுதிய ‘தீய குணங்கள்’. அந்தக் காலத்தில் தலைப்பை நூலின் முடிவிலும் எழுதுவார்கள். சுருட்டும்போது அது நட்டநடுவே போய்ப் பத்திரமாகிவிடும். நூற்றுக்கணக்கான சுருள்கள் இன்னும் திறக்கப்படவில்லை. அந்த மாளிகையிலேயே ஒரு பகுதி இன்னும் தோண்டப்படவில்லை!