காத்து நிற்காத சர்வர்!

“சர்வர்” என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? தோளில் துண்டுடன் வந்து, “இட்லி, வடை, பொங்கல்” என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாரே, அந்த ஹோட்டல் சர்வர்தானே? கம்ப்யூட்டர் உலகத்திலும் ஒரு சர்வர் உண்டு. பெயர் மட்டுமல்ல, தொழிலும் ஏறக்குறைய அதுவேதான்.

தீபாவளிக்குப் பிறந்தகம் போக டிக்கெட் வாங்கவேண்டும். காலையிலேயே கைபேசியும் கையுமாக உட்கார்ந்தாயிற்று. திரையில் சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. “சர்வர் பிஸி அம்மா!” என்கிறாள் மகள். சக்கரம் நின்றபோது டிக்கெட்டும் காலி. அம்மாவைப் பார்க்கும் ஆசையும் காலி!

அப்படி என்னதான் வேலை அந்தச் சர்வருக்கு? ஒரு காலத்தில், பெரும்பாலும் சும்மா நிற்பதுதான் வேலை!

பழைய ஏற்பாட்டில், வந்தவர் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் தனியாக ஓர் ஆளை ஒதுக்கிவிடும். விருந்தாளி யோசித்தாலும் சரி, மெதுவாகச் சாப்பிட்டாலும் சரி, அந்த ஆள் பக்கத்திலேயே கைகட்டி நிற்பார். 10,000 பேர் வந்தால் 10,000 ஆட்கள்! பிறகு இலை போட இடமேது? யந்திரத்தில் சக்தி போதிய அளவு இருக்கிறது, வேலை வாங்கும் முறைதான் சரியில்லை என்று 1999-ல் எடுத்துச் சொன்னார், அமெரிக்க நிபுணர் டான் கெகல்.

ருஷ்யாவில் ராம்ப்ளர் என்ற கம்பெனியில் வேலை பார்த்த ஈகோர் சிசோயெவ், 2002-ல் இதற்கு ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினார். 2004-ல் ‘எஞ்சின் எக்ஸ்’ என்ற பெயரில் அதை உலகத்துக்கு இலவசமாகவே கொடுத்தார். அதன் யுக்தி நம் சமையலறையிலேயே இருப்பதுதான். குக்கர் விசில் அடிக்கும் வரை நாம் அதன் முன்னால் நிற்கிறோமா என்ன? காய் நறுக்குகிறோம், தேங்காய் துருவுகிறோம். விசில் கேட்டால் திரும்பிப் பார்க்கிறோம். அதைப்போல ஒரே ஆள் ஆயிரக்கணக்கானவர்களைக் கவனிக்கிறார். யார் கூப்பிடுகிறாரோ அவரிடம் போகிறார்.

உள்ளே சமையற்காரர் ஒருவர் உண்டு. கணக்குப் பார்த்து டிக்கெட்டைத் தயாரிக்கும் ‘அப்ளிகேஷன் சர்வர்’தான் அவர். மெதுவாகச் சாப்பிடுகிறவருக்காக அவர் கரண்டியோடு காத்திருக்கலாமா? எஞ்சின் எக்ஸ் முன்னால் நின்று, சமைத்ததை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் பரிமாறுகிறது. அவர் அடுத்த ஈட்டைப் பார்க்கலாம்.

இணைப்பிலும் ஒரு வேடிக்கை. ஆரம்ப நாட்களில் படம் ஒன்று, எழுத்து ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் புதிது புதிதாக இணைப்பு வேண்டும். சாம்பாருக்கு ஒரு தரம், சட்னிக்கு ஒரு தரம் வாசலுக்குப் போய் மறுபடி உள்ளே வருவதுபோல! 1997-ல் வந்த புதிய விதிமுறை, உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கேட்டு வாங்க வழி செய்தது.

2019-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி எஞ்சின் எக்ஸ் நிறுவனத்தைச் சுமார் 67 கோடி டாலருக்கு வாங்கியது. அதே டிசம்பரில் மாஸ்கோ அலுவலகத்தில் போலீஸ் சோதனை! “எங்களிடம் வேலை பார்த்தபோது எழுதியது; எங்களுக்கே சொந்தம்” என்றது ராம்ப்ளர். சில நாட்களில் அதன் நிர்வாகமே கிரிமினல் வழக்கைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டது.

பெரிய யந்திரம் வாங்குவதைவிட, இருக்கிற கையைச் சும்மா நிறுத்தாமல் இருப்பதே பெரிய சாமர்த்தியம். இதை நமக்கு ருஷ்யாவிலிருந்து வந்தா சொல்லவேண்டும்?