ராஜபாளையம் நாய் வாங்கப் போகிறீர்களா?

பால் போன்ற வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். காட்டுப் பன்றியை விரட்டிய வேட்டை நாய் இது! 2005-ல் தபால் தலையிலும் இடம் பெற்றது.

அழகை மட்டும் பார்த்துக் குட்டி வாங்காதீர்கள். இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவிச் செவிடு. குட்டியைத் தனியே பிரித்து, அதன் பின்னால் நின்று கை தட்டுங்கள். திரும்பாவிட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று வேட்டைக்கு வழியில்லை. ஆனால் நாயின் கால்களுக்குச் சட்டம் தெரியுமா? காலையும் மாலையும் வேலி அடைத்த இடத்தில் ஓட விடுங்கள். எந்நேரமும் சங்கிலியில் கிடந்தால் முரடாகிவிடும், வீட்டாரையே கடிக்கலாம். வெறிநோய்த் தடுப்பு ஊசியையும் மறவாதீர்கள்.

கட்டிப் போட இடம் இருந்தால் போதாது. ஓட இடம் இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்!