இரண்டு பிராக்ஸி சர்வர்களும் வேலை செய்கின்றனவா?

எங்கள் அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஸ்க்விட் பிராக்ஸியை நிறுவி, அவற்றின் முன்னால் ஹெச்ஏபிராக்ஸியை வைத்துச் சுமையைப் பங்கிட்டேன். ஆனால் நான் எத்தனை தளங்களைத் திறந்தாலும் எல்லாம் முதல் சர்வருக்கே போயின. இரண்டாவது சர்வர் படுத்துவிட்டதோ என்று பயந்தேன்.

காரணம் எளிது. பங்கீட்டு முறையை 'சோர்ஸ்' என்று அமைத்திருந்தேன். இதில் ஒரே ஐபி முகவரியிலிருந்து வருபவை ஒரே சர்வருக்கே செல்லும். 'ரவுண்ட்ராபின்' என்றால் மாறி மாறிச் செல்லும். எனவே ஒரே கம்ப்யூட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எப்படிச் சோதிப்பது?

1. இரண்டு சர்வர்களிலும் ஸ்க்விட்டின் ஆக்சஸ் லாக் ஃபைலை 'டெயில்' கட்டளையால் திறந்து வையுங்கள். பல கம்ப்யூட்டர்களிலிருந்து பிரவுஸ் செய்யுங்கள். இரண்டிலும் வரிகள் ஓட வேண்டும்.

2. வரிகளை மட்டும் எண்ணாதீர்கள். ஐந்தாவது பத்தியில் உள்ள பைட் அளவுகளைக் கூட்டி ஒப்பிடுங்கள். ஒரு பெரிய டவுன்லோடும் ஒரே வரிதான். அதுவும் முடிந்த பிறகே பதிவாகும்.

3. நான்காவது பத்தியில் 'ஹிட்' என்றால் பக்கம் கேஷிலிருந்து வந்தது. 'டனல்' என்றால் ஹெச்டிடிபிஎஸ். அது கேஷில் சேராது. இன்று பெரும்பாலான தளங்கள் இந்த வகைதான். எனவே ஹிட் குறைவாக இருந்தால் கலங்க வேண்டாம்.

4. கடைசியாக, ஒரு ஸ்க்விட்டை நிறுத்திப் பாருங்கள். நான் நிறுத்தியதும் பலருக்கு இன்டர்நெட் போய்விட்டது! ஹெச்ஏபிராக்ஸியின் சர்வர் வரிகளில் 'செக்' என்ற சொல்லைச் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்த பிறகு, எல்லோரும் தானாகவே அடுத்த சர்வருக்கு மாறினார்கள்.

இந்தச் சோதனையை அலுவலக நேரம் முடிந்த பிறகு செய்யுங்கள்!