தவறாக அடித்த காசுக்கு இவ்வளவு விலையா?

கடைக்காரர் கொடுத்த சில்லறையில் ஒரு காசு உங்களுக்குக் கிடைக்கிறது. அதிலுள்ள ஆண்டும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. 'இது செல்லாது' என்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா? அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டில் இப்படி வெளிவந்த ஒரு செண்ட் காசு, தேய்ந்த நிலையில்கூட இன்று ஆயிரம் டாலர் அளவுக்கு விலை போகிறது. ஒரு டாலருக்கு 100 செண்ட். அப்படியானால் இது எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்!

ஆனால் இரட்டையாகத் தெரியும் எல்லாக் காசுகளுக்கும் இந்த மதிப்பு இல்லை. பெரும்பாலானவை அவற்றில் குறித்துள்ள தொகைக்கு மேல் பெறுவதில்லை. இந்த வேறுபாடு ஏன்?

அச்சுக்கு ஓர் அச்சு

காசு அடிக்கும் அச்சில் உருவம் குழிவாக இருக்கும். உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்து அடித்தால் உருவம் புடைப்பாக எழும். சரி, அச்சில் அந்தக் குழிவு எப்படி வந்தது? அதற்கு வேறொரு மூல அச்சு உண்டு. அதில் உருவம் காசில் உள்ளதைப் போலவே புடைப்பாக இருக்கும். அதை எஃகுத் துண்டின் மேல் பெரும் விசையுடன் அழுத்தினால் காசு அச்சு கிடைக்கும்.

1955இல் ஒரே அழுத்தத்தில் போதிய ஆழம் கிட்டவில்லை. அழுத்தும்போது எஃகு இறுகிக் கடினமாகிவிடும். ஆகவே அதை உலையில் காய்ச்சி, மெல்ல ஆறவைத்து, மென்மையாக்கி, மறுபடியும் அழுத்தினார்கள். இரண்டாம் முறை முன்பிருந்த அதே நிலையில் துல்லியமாகப் பொருத்த வேண்டும். சற்றே திரும்பியிருந்தாலும் அச்சில் இரண்டு உருவங்கள் பதிந்துவிடும்.

பிலடெல்பியா நாணயச் சாலையில் நேர்ந்தது இதுதான். அத்தகைய அச்சு ஒன்று, ஓர் இரவு வேலையின்போது சுமார் 40,000 காசுகளை அடித்துத் தள்ளியது. பரிசோதகர் கண்டுபிடித்து அச்சை நீக்குவதற்குள், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. அத்தனையையும் உருக்குவதைவிட வெளியே விட்டுவிடுவதே மேல் என்று முடிவாயிற்று. அக்காலத்தில் தானியங்கிப் பெட்டிகளில் விற்ற சிகரெட்டு உறைக்குள் மீதிச் சில்லறையாக 2 செண்ட் வைப்பார்கள். இந்தக் காசுகள் பலவும் அப்படித்தான் மக்கள் கைக்கு வந்தன.

ஓரத்தில் மிகுதி, நடுவில் குறைவு

இந்தக் காசில் ஒரு விந்தை உண்டு. ஆண்டும் ஓரத்து எழுத்துகளும் தெளிவாக இரட்டித்துள்ளன. நடுவிலுள்ள லிங்கன் முகமோ ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. காரணம் எளிது. அச்சு மையத்தைச் சுற்றி ஒரு பாகை திரும்பியதாக வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளியுள்ள எழுத்து 0.14 மில்லிமீட்டர் நகரும். 2 மில்லிமீட்டர் தூரத்திலுள்ள புள்ளியோ 0.035 மில்லிமீட்டர்தான் நகரும். ராட்டினத்தில் ஓரத்தில் இருப்பவர் அதிக தூரம் சுற்றுகிறார் அல்லவா? அதைப் போன்றதே இது.

போலி இரட்டை

அச்சு சரியாகவே இருந்தாலும் காசு இரட்டையாகத் தெரியலாம். எந்திரத்தில் அச்சு தளர்ந்திருந்தால், அடித்து முடித்த கணத்தில் அது சற்று நகர்ந்து எழுத்தின் பக்கத்தை நசுக்கிவிடும். இது அடிக்கடி நேர்வது. காசுக்குக் காசு மாறக்கூடியது. எனவே இதற்கு மதிப்பில்லை.

அச்சு தேய்ந்தாலும் எழுத்தின் விளிம்பு மங்கி இரட்டையாகத் தோன்றும். அதே 1955ஆம் ஆண்டுக் காசுகளில் கடைசி 5 மட்டும் இவ்வாறு இரட்டித்தவை ஏராளம். அவற்றை 'ஏழையின் இரட்டை அச்சு' என்று கேலியாக அழைக்கிறார்கள்!

எப்படிப் பிரித்தறிவது? உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். உண்மையான இரட்டை அச்சில் இரு உருவங்களும் உருண்டு திரண்டு நிற்கும். எழுத்தின் முனைகள் பிளவுபட்டிருக்கும். எழுத்து வழக்கத்தைவிடப் பருமனாக இருக்கும். நசுங்கிய காசில் எழுத்தின் அருகே தட்டையான படி ஒன்று தெரியும், எழுத்து மெலிந்திருக்கும். அதாவது முதலாவதில் உருவம் கூடுகிறது, இரண்டாவதில் குறைகிறது. இதை அறியாமல் நசுங்கிய காசை அதிக விலைக்கு வாங்கி ஏமாறுபவர்கள் பலர்.

செய்து பாருங்கள்

களிமண்ணைத் தட்டையாக்கி ஒரு காசை மெதுவாக அழுத்தி எடுங்கள். சற்றே திருப்பி, அதே இடத்தில் மீண்டும் அழுத்துங்கள். வேறொரு துண்டில் ஒரே முறை அழுத்தி, எடுக்கும்போது பக்கவாட்டில் இழுங்கள். முன்னதில் இரண்டு தடங்கள். பின்னதில் ஒரே தடத்தின் சிதைவு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களைக் காசு வியாபாரி எளிதில் ஏமாற்ற முடியாது!