மென்பொருள் முகவர்களின் நன்மதிப்பும் தன்னியக்கக் கணிப்பும்: சில சிந்தனைகள்

ஒருவர் பொருட்டுத் தகவல் தேடவும், பொருள் வாங்கவும், பிற நிரல்களுடன் பேரம் பேசவும் வல்ல கணினி நிரலை மென்பொருள் முகவர் என்பர். வெவ்வேறு நிறுவனங்களின் முகவர்கள் தம்முள் தொடர்புகொள்வதற்கான நெறிமுறையொன்றைக் கூகிள் நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்டது. முன்பின் அறியாத முகவரிடம் அலுவலை ஒப்படைக்கும் நிலை இதனால் விரிவடைகின்றது. எம்முகவரை நம்பலாம்? இவ்வினாவிற்கு விடையாக முன்வைக்கப்படுவது, முகவரின் நன்மதிப்பைத் தானே கணித்து எண்ணாகத் தரும் கருவியாகும். அவ்வெண் எதனைக் கூறுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதை ஈண்டு நோக்குவோம்.

இத்தகைய கணிப்பு முற்றிலும் புதியதன்று. 1995 இல் தோன்றிய ஈபே ஏலத்தளத்தில், ஒருவரையொருவர் காணாத வாங்குவோரும் விற்போரும் கொடுக்கல் வாங்கலின் பின்னர்ச் சாதகம், நடுநிலை, பாதகம் என மதிப்பளிக்கும் முறை 1996 இல் நடைமுறைக்கு வந்தது. ஆயின், பாதகமாகக் கூறினால் தமக்கும் அதுவே திரும்பும் என அஞ்சி உண்மையை மறைத்தோர் உளர். இதன் விளைவாக, வாங்குவோர்க்குப் பாதக மதிப்பளிக்கும் உரிமை விற்போரிடமிருந்து 2008 இல் நீக்கப்பட்டது. சான்றின் மெய்ம்மை, சான்று கூறுவோர் எந்நிலையில் இருந்து கூறுகின்றனர் என்பதிலே தங்கியுள்ளது என்பது இதனாற் புலனாகும்.

எல்லாச் சான்றுகளும் சம நிறையுடையன அல்ல என்னும் அடிப்படையில், ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்வார், ஷ்லொசர், கார்சியா-மொலினா ஆகியோர் கோப்புப் பகிர்வு வலையமைப்புகளுக்கென ஐகன்ரஸ்ற் என்னும் முறையை 2003 இல் வகுத்தனர். நம்பத்தக்கவரின் சான்றுக்கு நிறை அதிகம்; நம்பத்தக்கவர் யார் என்பதும் பிறர் சான்றினாலேயே அறியப்படும். எண்கள் மாறாது நிலைபெறும் வரை கணிப்பை மீண்டும் மீண்டும் செய்வதன் மூலம் இவ்வட்டத்திலிருந்து விடை பெறப்படுகின்றது. எனினும், நம்பத்தக்கோர் சிலரை மனிதர் முன்கூட்டியே குறித்துக் கொடுத்தல் வேண்டும். தன்னியக்கத்தின் அடித்தளத்தில் மனிதத் தெரிவொன்று மறைந்திருப்பது மனங்கொள்ளற்பாலது.

சான்றாளரின் தொகையையும் அப்படியே ஏற்றல் இயலாது. ஒருவரே பல பெயர்களில் தோன்றி வலையமைப்பொன்றை ஏமாற்றுதலை மைக்ரோசொப்ற் ஆய்வாளரான ஜோன் டூசர் 2002 இல் 'சிபில் தாக்குதல்' என்னும் பெயரில் ஆராய்ந்தார். அடையாளங்களை உறுதிசெய்யும் பொது அதிகாரம் இல்லாதவிடத்து நடைமுறையில் இதனைத் தடுத்தல் இயலாது என்பது அவரது முடிவு. முகவரொன்றுக்கு 500 பெயர்கள் நற்சான்று தருவதாகக் கொள்வோம். அவற்றுள் 480 ஒரே கையின் ஆக்கமெனின், உண்மைச் சான்றாளர் 21 பேரே. நிரல்களே சான்று கூறும் சூழலில், புதிய பெயரொன்றை ஆக்குதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இதன் மறுபக்கம் சமூக முக்கியத்துவம் வாய்ந்தது. பெயரை மாற்றுதல் எளிதாயின், கெட்ட பெயர் எடுத்தோர் அதனைக் களைந்து புதியவராய் மீளுவர். ஆதலாற் புதியவர் யாவரும் ஐயத்துக்குள்ளாவர் என பிரீட்மன், ரெஸ்னிக் ஆகியோர் 2001 இல் விளக்கினர். இச்சுமை நேர்மையான புதியவரையே அழுத்துகின்றது. மூலதனம் மேலும் மூலதனத்தைத் திரட்டுவது போன்று, பெயருள்ள பெருநிறுவனத்தின் முகவர் மேலும் பெயரைத் திரட்டும். சிறு ஆக்குநரின் முகவரோ முதல் வாய்ப்பையே பெறாது போகலாம். கருவி நடுநிலையானது எனக் கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

மனிதரின் நன்மதிப்புக்கும் முகவரின் நன்மதிப்புக்கும் அடிப்படை வேறுபாடொன்றும் உண்டு. மனிதரின் இயல்பு பெரும்பாலும் மெல்லவே மாறும். முகவரோ பெயர் மாறாதிருக்க, அதனை இயக்கும் மொழி மாதிரி ஓரிரவில் மாற்றப்படலாம். நேற்றைய முகவர் ஈட்டிய பெயரில் இன்று வேறொன்று இயங்கும். பயணச்சீட்டுப் பதிவில் ஈட்டிய பெயர், மருத்துவப் பதிவேடுகளைக் கையாளுதற்குத் தகுதியாகாது என்பதும் வெளிப்படை.

இவ்வகையில், எதீரியம் வலையமைப்பிற்கென 2025 ஆகஸ்டில் முன்மொழியப்பட்ட ஈஆர்சி-8004 என்னும் வரைவு கவனத்துக்குரியது. அடையாளம், நன்மதிப்பு, சரிபார்ப்பு என மூன்று பதிவேடுகளை அது தனித்தனியே வகுத்துள்ளது. பிறர் கூறும் சான்று வேறு, செய்த வேலையைச் சோதித்தறிதல் வேறு என்னும் தெளிவு இதிற் காணப்படுகின்றது.

எனவே, கருவி தரும் எண்ணை ஏற்குமுன் நாம் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். சான்று கூறுவோர் யாவர்? எவ்வேலையைக் கண்டு கூறினர்? அன்று இயங்கியதுதான் இன்றும் இயங்குகின்றதா? தவறாகக் குறைக்கப்பட்ட மதிப்பை எதிர்த்து எவரிடம் முறையிடலாம்? இவற்றுக்கு விடை தராத கருவி, மதிப்பீட்டின் தோற்றத்தை மட்டுமே தருவதாகும். முகவர் இழப்பை ஈடுசெய்யாது, பழிக்கும் நாணாது. அதனை ஆக்கியோரும் ஏவியோருமே பொறுப்புக் கூறவேண்டியவர்கள். அப்பொறுப்பினை ஓர் எண்ணின் பின்னே மறைந்துபோக விடலாகாது என்பதே எமது கருத்தாகும்.