அரைமணி நேரக் கிதார்ச் சாதகம்

மாணாக்கர் பலர் பேராவலோடு கிதார் ஒன்றை வாங்கி, ஓராண்டு நிறைவதற்கு முன்னரே அதனைச் சுவரில் மாட்டிவிடுகின்றனர். காரணம் வினவின், "நேரமில்லை" என்பர். இஃது முற்றும் பொய்யன்று. போடிநாயக்கனூரினின்று மலையை நோக்கிச் செல்லும் சாலையின் கோடியிலுள்ள குரங்கணியிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிப் படிக்கச் செல்லும் ஓர் இளைஞனுக்குப் போக்குவரவும் பாடமும் போக எஞ்சுவது அரைமணி நேரமே. அது போதுமோ என்பதே வினா. போதும் என்பது எமது துணிபு. ஆயின் அதனைச் செலவிடும் முறை மாறுதல் வேண்டும்.

நம்மிற் பெரும்பாலோர் சாதகம் என்று கருதுவது யாது? தெரிந்த கீர்த்தனை ஒன்றை முதலினின்று ஈறுவரை வாசித்தலேயாம். இடறும் இடம் வந்துழி இடறி, விரைந்து கடந்து, மீண்டும் முதலினின்று தொடங்குவர். கையோ, பன்முறை செய்யப்பட்டது எதுவோ அதனையே கற்கும். பிழை இது, செம்மை இது என்று பாராது. இங்ஙனம் அரைமணி வாசிப்பவன் தன் இடறலையே நன்கு மனனம் செய்கின்றான்.

இதனை மெய்ப்பிக்கும் ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக் என்பாரும் துணைவரும் பியானோ பயிலும் மாணாக்கர் பதினெழுவரிடம் ஒரே சிறு பகுதியைக் கொடுத்துப் பயிலச் செய்து, மறுநாள் வாசிக்கக் கேட்டனர். அதன் முடிவு 2009-இல் வெளிவந்தது. எத்துணை நேரம் பயின்றனர், எத்துணை முறை வாசித்தனர் என்பவற்றுக்கும் மறுநாளைத் தேர்ச்சிக்கும் தொடர்பு காணப்படவில்லை. சிறந்தோர் பிழை நேர்ந்த இடத்திலேயே நின்று, காலத்தைத் தாழ்த்தி, அவ்விடத்தைச் செம்மை செய்த பின்னரே மேற்சென்றனர்.

கிதாரில் இதனைச் செய்துபார்ப்போம். சி என்னும் சுரக்கூட்டினின்று எஃப் என்பதற்கு மாறுதல் தொடக்க மாணாக்கர்க்குப் பெருந்தடை. சுட்டுவிரல் ஒன்றே ஆறு தந்திகளையும் அழுத்தவேண்டுமன்றோ? பாட்டை மறந்துவிட்டு அம்மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்க. வலக்கை வாளாவிருக்க, இடக்கை விரல்கள் மெல்ல எழுந்து மெல்ல அமர்க. ஐந்து முறை தொடர்ந்து பிழையின்றி அமைந்தால் மட்டுமே காலத்தைச் சற்றுக் கூட்டுக. சரளி வரிசையை மூன்று காலத்தில் பயிற்றும் நம் நாட்டு ஆசிரியர்க்கு இது புதுமையன்று.

நிற்க. யாழ் வாசிப்போர் செய்யும் எண்வகைச் செயல்களைச் சிலப்பதிகாரக் கானல்வரி எண்ணுமிடத்துப் பண்ணலை முதற்கண் வைத்துள்ளது. பண்ணுக்கேற்ப நரம்புகளை வீக்கி அமைத்தலே அது. கிதாருக்கும் அதுவே முதல். மழைக்காலத்து மலையடிவாரத்தில் ஈரத்தால் மரம் உப்புகின்றது. சுருதி நேற்றிருந்தவாறு இன்றிராது. எஃகுத் தந்தியும் துருவேறுகின்றது. ஆதலின் தொடங்குமுன் சுருதி கூட்டுவதும், முடிந்தபின் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைப்பதும் வீண்வேலையல்ல. சுருதி பிறழ்ந்த கருவியில் பயில்வோன் செவியையே கெடுத்துக்கொள்கின்றான்.

இனி, நேரத்தைப் பகுக்கும் வகை. ஏலக்காய் ஒருங்கே முதிர்வதில்லை. ஆதலின் தோட்டத்தார் சில வாரங்களுக்கொருமுறை அதே செடிக்குத் திரும்பி, முதிர்ந்தவற்றை மட்டும் பறிப்பர். சாதகமும் அத்தகையதே. ஞாயிற்றுக்கிழமை ஒருங்கே மூன்று மணி நேரம் வாசிப்பதினும், நாள்தோறும் காலையில் கால்மணியும் மாலையில் கால்மணியும் பயில்வது நன்று. இடையே கழியும் பொழுதிலும் உறக்கத்திலும் கற்றது ஊன்றுகின்றது. ஒரு கால்மணியிலும் ஒன்றனையே பற்றியிராது, மூன்று நிமிடம் சுரக்கூட்டு, மூன்று நிமிடம் சுர வரிசை, மீண்டும் சுரக்கூட்டு என மாற்றி மாற்றிப் பயில்க. அப்போதைக்கு இது கடினமாகத் தோன்றும். மறுநாள் பயன் தெரியும்.

இம்மலைச்சாரலுக்குக் கிதார் அயற்கருவி என்பார் பண்ணைப்புரத்தை நினைக்க. போடிக்குத் தெற்கே இதே மலையடியில் உள்ள அவ்வூரில் 1943-இல் பிறந்த இளையராஜா, சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் செவ்வியல் கிதாருக்குத் தங்கப்பதக்கம் பெற்றவர்.

விரல்நுனி வலிக்கின்றதே என்பார்க்கு ஒரு சொல். முதற்சில வாரங்கள் வலிக்கத்தான் செய்யும். தோல் தடித்தபின் அது நீங்கும். ஆனால் மணிக்கட்டில் வலி தோன்றின் உடனே நிறுத்துக. அது பிடிக்கும் முறை தவறென்பதற்கு அடையாளம்.