நவம்பர் 26-இல் நம் இல்லங்கள்

கார்த்திகைத் திங்கள் பிறந்தால் நம்மவர் இல்லங்களில் இரண்டு பேச்சுக்கள் எழுவது வழக்கம். ஒன்று முகூர்த்த நாள் பற்றியது. மற்றொன்று தீபத் திருநாள் பற்றியது. மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு 2008-ஆம் ஆண்டிற்குப் பின் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. நவம்பர் 26 அத்திங்களிலேயே விழுகின்றது. அந்நாளில் மணம் முடிக்கலாமா, மேளம் முழக்கலாமா என்று பெரியோர் தயங்குவதுண்டு. 2023-இல் கார்த்திகைத் தீபமே அந்நாளில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் அகல் ஏற்றியவர்களுள் சிலரேனும், இது மகிழும் நாளா, துக்கம் காக்கும் நாளா என்று ஒரு கணம் எண்ணியிருப்பர். நகரத்தின் துயரைத் தம் வீட்டுத் துயராகக் கொண்டவர்க்கே அவ்வெண்ணம் எழும்.

நடந்ததை இளையோர்க்குச் சுருங்கச் சொல்வோம். 2008 நவம்பர் 26 இரவு, கடல் வழியே வந்த பயங்கரவாதிகள் பதின்மர் நகரின் தென்பகுதியில் பல இடங்களைத் தாக்கினர். 29-ஆம் நாள் காலை வரை நீடித்த அக்கொடுமையில் 166 பேர் மாண்டனர். தாஜ் ஓட்டல் தீப்பற்றி எரிந்த காட்சியை உலகம் முழுவதும் கண்டது. ஆனால் அதிக உயிர்கள் பலியான இடங்களுள் ஒன்று சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம். நம் முதியோர் இன்றும் வி.டி. என்றே வழங்கும் அந்நிலையம். அங்கே மட்டும் 58 பேர் இறந்தனர். நெடுந்தூர வண்டிகளுக்காகப் பெட்டி படுக்கைகளுடன் காத்திருந்த எளிய மக்களே அவர்களுள் பெரும்பாலோர். சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் நாம் வண்டி ஏறும் நிலையம் அதுவே. அக்கூடத்தில் தரையில் விரிப்பு விரித்துக் குழந்தைகளை உறங்க வைத்திராத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அரிது. அன்றிரவு அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தம் அறையை விட்டு அகலாது, புறநகர் வண்டிப் பயணிகளை வேறு வழியே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் இடைவிடாது எச்சரித்தார். அதனால் உயிர் தப்பியோர் பலர்.

அதே இரவில் காமா மருத்துவமனையில் செவிலியர் அஞ்சலி குல்தே செய்ததையும் நினைவு கூர்தல் வேண்டும். துப்பாக்கி ஏந்தியோர் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, தம் பொறுப்பில் இருந்த ஏறத்தாழ 20 கர்ப்பிணிகளை ஒரு சிறு அறைக்குள் சேர்த்து விளக்கை அணைத்தார். அவர்களுள் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டது. சுவரோரமாகவே அப்பெண்ணைப் பிரசவ அறைக்கு அழைத்துச் சென்றார். குழந்தையும் பிறந்தது. 2022 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் முன் அவர் இவற்றை எடுத்துரைத்தார். ஆண்டுதோறும் நகரம் தலைகுனிந்து நிற்கும் வேளையில், அன்றிரவு பிறந்த பிள்ளைக்குப் பிறந்தநாளும் வருகின்றது. அவ்வீட்டார் அன்று பாயசம் வைப்பரேல் அதைத் தவறெனல் ஆகுமோ?

இத்தகைய ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் 11-ஆம் நாளில் இரண்டு நிமிட மௌனம் காக்கும் வழக்கம் 1919-இல் இங்கிலாந்தில் தொடங்கிற்று. பகலில் மௌனம், இரவில் நடன விருந்து என்று அங்கே சில ஆண்டுகள் நடந்தன. 1925-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நிகழவிருந்த பெரு விருந்துக்கு எதிர்ப்பு எழவே, அது மறுநாளைக்கு மாற்றப்பட்டது. மகனை இழந்த தாய்மார் ஒருபுறம், உயிரோடு திரும்பியதைக் கொண்டாட விரும்பிய வீரர் மறுபுறம். இருசாரார் பக்கமும் நியாயம் இருந்தது.

நம் வழக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒருவர் இறந்தால் அவ்வாண்டு பண்டிகை இல்லை. ஆண்டு நிறைந்ததும் உற்றார் வந்து, மீண்டும் பண்டிகை கொண்டாடுக என்பர். அதன்பின் ஆண்டுக்கு ஒருநாள் திதி. காலையில் படையலிட்டுக் காக்கைக்குச் சோறு வைத்தபின் எல்லோரும் உண்பர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வர். பெரியவர் அலுவலகத்துக்குச் செல்வர். போரில் வீழ்ந்தவர்க்கு நடுகல் எடுத்த நம் முன்னோரும், கல்லைக் கண்டு தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியத்தில் வகுத்தனர். துயரத்திற்கு வடிவும் வேளையும் வகுத்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். துயரம் நிகழ்ந்த மறுநாளே வேலைக்குக் கிளம்பும் மும்பை மக்களின் மனத்திண்மையைச் செய்தித்தாள்கள் புகழ்வது வழக்கம். 2006 ஜூலை 11 மாலை, மேற்கு ரயில் பாதையில் ஏழு குண்டுகள் வெடித்தன. அவற்றுள் ஒன்று மாட்டுங்கா ரோடு நிலையத்தருகே. இருப்புப்பாதை ஓரத்துக் குடிசை மக்கள் போர்வைகளில் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றனர். மறுநாள் வண்டிகள் ஓடின, மக்களும் ஏறினர். அதனைத் திண்மை என்பதில் பாதி உண்மையே உண்டு. தாராவியில் விடியுமுன் இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்பவர் ஒருநாள் அடுப்பை மூட்டாவிடில் அன்றைய கூலி போயிற்று. துக்கம் காக்க விடுமுறை எடுப்பது எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆதலின் அந்நாளில் கடை திறந்தவரைப் பார்த்து, இவர்க்கு நெஞ்சில் ஈரமில்லை என்பது பொருந்தாது.

1949-இல் அரசியலமைப்பு ஏற்கப்பட்ட நாளும் நவம்பர் 26 தான். 2015 முதல் அது அரசியலமைப்பு நாளாகவும் போற்றப்படுகின்றது. காலையில் பள்ளியில் அதன் முகப்புரையை வாசித்து வரும் பிள்ளையிடம், கைத்தடியொன்றே ஆயுதமாக, துப்பாக்கிக்காரனைப் பற்றிக்கொண்டு உயிர்விட்ட துக்காராம் ஓம்பளேயைப் பற்றி மாலையில் சொல்லுங்கள். கிர்காம் கடற்கரைச் சாலையில் அது நிகழ்ந்தது. பிடிபட்டவன் ஒருவனாலேயே சதியின் விவரங்கள் வெளிவந்தன. தொலைக்காட்சியில் தீப்பிழம்பைத் திரும்பத் திரும்பக் காட்டுவதைவிட இப்பேச்சுச் சிறுவர்க்கு நன்று என்பது எம் கருத்து.

இனி முகூர்த்தம். மண்டபம் கிடைத்து, நாளும் பொருந்தினால் மணத்தை ஒத்திப்போட வேண்டுவதில்லை. இரவு ஒன்பதரை மணிக்கு மேளத்தை இரண்டு நிமிடம் நிறுத்தச் சொன்னால் எந்த நாதசுரக்காரரும் மறுக்கமாட்டார். நெல்லைச் சீமையிலிருந்து வரும் உறவினர் எப்படியும் அந்த வி.டி. நிலையத்தில்தான் வந்து இறங்குவர். அழைத்துவரப் போகும் இளைஞர் சற்று முன்னதாகவே சென்று அக்கூடத்தில் நின்றிருக்கலாம்; வண்டி தாமதமாக வருவது நாம் அறியாததா?